வாங்கும் தராசில் நின்ற கபடி அணி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நாங்குநேரிக்குப் போய், கந்தையா என்பவனிடம் நாற்பது வருஷத்துக்கு மேலாக மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டு முடித்ததும் அவன் அதற்கு ஒரு விலை சொன்னான். நான் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். அந்த விலையில் ஒரு பங்கு உன் கல்யாணத்தில் வந்து விழுகிறது. ஆகையால் உனக்கு எல்லாம் முழுசாகத் தெரிந்தாக வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், விஷயம் பாதியில் நிற்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, ஒளிக்க வேண்டாம். முதலில் உனக்கு வரப்போகிறவளிடம் காட்டு.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது பேட்டையில் இருக்கும் நம் குடோனை ஒழித்துச் சுத்தம் செய்தாய் அல்லவா? பழைய சாக்குகளுக்குப் பின்னால் கிடந்த மேடைத் தராசைக் கண்டுபிடித்து, துரு தேய்த்து, எண்ணெய் போட்டுப் படம் பிடித்தாய். திரும்பிப் போன மறுநாளே அதை ஆள் வைத்து வரையச் செய்து, நம் உளுந்து பாக்கெட்டில் போடலாம் என்று என் போனுக்கு அனுப்பினாய். படத்துக்குக் கீழே ‘தலைமுறை தாண்டிய நேர்மையான எடை’ என்று எழுதியிருந்தது. நான் பதில் போடவில்லை. அப்பாவுக்கு நிறம் பிடிக்கவில்லையோ என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். நிறமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. படம்தான் தப்பு. அந்தத் தராசு ஒரு நாள்கூட நேர்மையாக எடை காட்டியதில்லை. எங்கள் அணி மொத்தமும் அதன் மேல் ஏறி நின்றது. அது பொய் சொல்கிறது என்று தெரிந்து நின்றவன் நான் ஒருவன்தான்.

நான் கல்லூரியில் கபடி ஆடியது உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் முழங்கால் தழும்பைத் தடவித் தடவிக் கதை கேட்பாய். ஜெயித்த கதைகளை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லப்போவது நான் மூன்றாம் வருஷம் படித்தபோது நடந்தது. அந்த வருஷத்து அணி மாதிரி ஒன்று எங்கள் கல்லூரிக்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏழு பேர் களத்தில், ஐந்து பேர் வெளியே. எல்லாரும் வெறுங்கால். ஆற்று மணலை வண்டியில் கொண்டுவந்து செம்மண்ணோடு கலந்து நாங்களே களம் போட்டோம். நாங்களே தண்ணீர் தெளித்தோம். எங்கள் பி.டி. சார் விசில் ஊதுவதைவிடத் திட்டுவதில் நேரம் அதிகம் செலவழிப்பார், ஆனால் பன்னிரண்டு பேரின் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும்.

கந்தையா இடது மூலை. நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரன், அப்பா உளுந்தும் பருத்தியும் போடுகிற விவசாயி. ‘கபடி கபடி’ என்று பாடி வருகிறவனின் கால் அரை அடி உள்ளே விழுந்தால் போதும், அவன் குனிந்தது நம் கண்ணுக்குத் தெரியாது, கணுக்கால் அவன் கைக்குள் இருக்கும். அவனுக்குப் பக்கத்தில் நிற்பது நான். கபடியில் மூலையில் நிற்பவனும் அடுத்து நிற்பவனும் கை கோத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நான் அப்போது ஐம்பத்தெட்டு கிலோ, நோஞ்சான். என்னை அணியில் வைத்திருந்ததே அவன் கையை நான் படித்து வைத்திருந்ததால்தான். என் உள்ளங்கையை ஒரு அமுக்கு அமுக்கினால் அவன் காலுக்குப் போகிறான், நான் இடுப்பைப் பிடிக்க வேண்டும். இரண்டு அமுக்கு என்றால் விட்டுவிடு, ஆள் உஷாராக இருக்கிறான். அந்த வருஷம் முழுக்கக் களத்தில் எங்களுக்குள் வாயால் பேச்சே கிடையாது. கைதான் பேசியது.

படிப்புச் செலவுக்கு நான் காலையில் டவுணில் ஒரு பருப்பு மண்டியில் வேலை பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவேன். அதனால் அணியில் என் பெயரே ‘மண்டி’. முதலாளியைப் பெரிய அண்ணாச்சி என்போம். அந்தக் கடையில் இரண்டு தராசு. விவசாயியிடம் வாங்குகிற தராசு வாசலில், கடைக்காரனுக்கு விற்கிற தராசு உள்ளே. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, வாசலில் நூறு கிலோ காட்டிய உளுந்து மூட்டை உள்ளே நூற்றிரண்டு காட்டியது. நான் பெரிய கண்டுபிடிப்பு செய்த மாதிரி ஓடினேன்.

“அண்ணாச்சி, வாசல் தராசு தப்பா காட்டுது.”

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “தப்பா காட்டலடே. நமக்குச் சரியாத்தான் காட்டுது.”

தராசில் தொங்கும் எடைக்கல்லின் அடிக்குழியில் கொஞ்சம் ஈயம் கூடுதலாக உருக்கி ஊற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ விழுங்கும். நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி பேப்பரை மடித்தார். “கடைக்கு ரெண்டு தராசு வேணும். வாய் ஒண்ணு போதும், அது என்கிட்ட இருக்கு. நீ மூட்டையைத் தைக்கிற வேலையைப் பாரு.” நான் மூட்டையைத் தைத்தேன். கந்தையாவின் அப்பாவும் அந்த மண்டிக்குத்தான் உளுந்து போட்டார் என்பதை இங்கே குறித்துக்கொள்.

அந்த வருஷத்துக் கல்லூரிப் போட்டியில் எழுபது கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது. எங்கள் அணியில் மற்றவர்களுக்கு அது ஒரு கவலையே இல்லை, கந்தையாவுக்கு மட்டும் எப்போதும் எல்லையில்தான் நிற்கும். அப்போது கல்லூரியில் ஆள் நிற்கிற தராசு கிடையாது. ‘சார், எங்க மண்டியில இருக்கு’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பேரும் வாசல் தராசில் வரிசையாக ஏறுவோம். அண்ணாச்சிக்கும் பெருமை, காப்பி வாங்கித் தருவார். கந்தையா ஏறினால் அறுபத்தொன்பதரை, சில வாரம் அறுபத்தொன்பதே முக்கால். “இன்னும் கால் கிலோ இருக்குடே, ரெண்டு வடை சொல்லு” என்பான். உள்ளே இருந்த தராசுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போக பத்து எட்டு வைத்தால் போதும். போகவில்லை. போனால் ஏன் இரண்டும் இரண்டு விதம் என்று கேட்பான். கேட்டால் அவன் அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குத் தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு தடவை எல்லாரும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனபோது, காசு போட்டால் அட்டை தள்ளுகிற எடை மெஷினில் கந்தையா ஏறினான். எழுபத்தொன்று என்று வந்தது. அட்டையின் பின்பக்கம் ‘நண்பர்களால் நன்மை உண்டு’ என்று அச்சடித்திருந்தது. “சவம், மெஷினே பொய் சொல்லுது” என்று கிழித்துப் போட்டான். எல்லாரும் சிரித்தோம். அந்த வருஷம் அவனுக்கு உண்மை சொன்னது அந்த மெஷின் ஒன்றுதான்.

முதல் ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றோம். எதிரணி கடற்கரைக் கல்லூரி. வள்ளமும் வலையும் இழுத்து உரமேறிய கை, பிடித்தால் நண்டு கவ்வினது போலத்தான். அவர்கள் தலைவன் ஒவ்வொரு தடவை பாடக் கிளம்பும்போதும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வருவான். ஆட்டம் முடிந்து எங்களைப் பார்த்து, “வே, உங்க மூலைக்காரனை எங்களுக்குத் தாரும், ஒரு பெட்டி வஞ்சிரம் தாரோம்” என்றான். அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவில்லை. வட்டாரப் போட்டிகள் எங்கள் களத்திலேயே நடந்தன. அதற்கு எடை பார்க்கவும் மண்டித் தராசையே கேட்டு வாங்கினார் பி.டி. சார். மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனவன் நான். ஆக, அந்த வட்டாரத்தில் கபடி ஆடிய எல்லாக் கல்லூரிக்காரனும் எங்கள் அண்ணாச்சியின் ஈயத்தின் மேல்தான் நின்றான். எல்லாருக்கும் ஒரே பொய் என்பதால் எவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வட்டார இறுதி ஆட்டத்தில் அதே கடற்கரைக்காரர்கள். சிலுவைக்குறி போட்டுவிட்டு வந்த அந்தத் தலைவனைக் கந்தையா மூன்று தடவை கணுக்காலில் கவ்வினான். மூன்றாவது தடவை என் கையை அமுக்கவே இல்லை. நானாகத் தெரிந்துகொண்டு பாய்ந்தேன். பெரிய ஒரு நிறுவனத்தின் அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் அன்றைக்கு மைதானத்தில் இருந்தார். விளையாட்டுக்காக வேலை கொடுக்கிற இடம், மாதச் சம்பளம், பென்ஷன். கந்தையாவைத் தனியாகக் கூப்பிட்டு, “மதுரையில ஃபைனல்ல ஒரு தடவை பார்த்துருதேன் தம்பி. இதே மாதிரி ஆடினா ஆர்டர் கையில” என்றார். கந்தையாவின் வீட்டில் அவனுக்குப் பின்னால் மூன்று தங்கச்சிகள். அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

மதுரைக்கு முதல் நாளே பஸ்ஸில் கிளம்பினோம். அங்கே எங்களைத் தங்கவைக்கிற ஆசிரியருக்குக் கொடுக்க டவுணில் இரண்டு கிலோ அல்வா வாங்கிக்கொண்டோம். சாயங்காலம் வழியில் பரோட்டாக் கடையில் இறங்கினோம். கந்தையா மூன்று பரோட்டா தின்றுவிட்டு என்னைப் பார்த்தான்.

“ஏலே மண்டி, முந்தாநாள் எவ்வளவு காட்டிச்சு?”

“அறுபத்தொன்பதரை.”

“அப்ப அரைக் கிலோ பாக்கி இருக்குல்லா?”

“பைய தின்னுலே. காலையில எடை பார்ப்பாங்க.”

“தராசே இடம் இருக்குங்குது, உனக்கு என்னலே வலிக்குது?” என்று இன்னும் இரண்டு சொன்னான். அந்த இரண்டு பரோட்டாவுக்குக் காசு கொடுத்தது நான். அதைவிட லேசாக என்னால் எதைச் சொல்லியிருக்க முடியும்? ‘கந்தையா, அந்தத் தராசு பொய்’ என்று நாலு வார்த்தை. சால்னாவை ஊற்றிக்கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மதுரையில் புதுத் தராசு. கந்தையா சிரித்துக்கொண்டே ஏறினான். எழுபத்தொன்றரை. இறங்கி, மறுபடி ஏறினான். நடுவர் ஒரு மணி நேரம் கொடுத்தார். யாரோ ஒரு கம்பளியைக் கொடுத்தார்கள். அதைப் போர்த்திக்கொண்டு அந்த வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினான். வாயில் புளியை அடக்கிக்கொண்டு துப்பித் துப்பி ஓடினான். கடைசியில் வெளியே மரத்தடியில் இருந்த நாவிதரைக் கூட்டிவந்து தலையை மழித்துக்கொண்டான். மயிருக்கு என்ன எடை இருக்கும் என்று எனக்குத் தெரியும், தராசோடு வாழ்ந்தவன் நான். சொல்லவில்லை. அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக ஏறியபோது கால் கிலோ கூட இருந்தது. நடுவர் நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டம் சட்டம்தானே. கந்தையாவை வெளியே உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அவன் பார்க்க, நாங்கள் மூன்று புள்ளியில் தோற்றோம். அவன் இடத்தில் நின்றவன் நல்லவன், பலசாலி. ஆனால் அவன் கை எப்போதும் என் கையை நசுக்கிக்கொண்டே இருந்தது, எதற்கும் அர்த்தம் இல்லை. ஆள் எடுக்க வந்தவர் பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டார்.

இதுவரை சொன்னது நான் சொல்லாமல் விட்டது. இனிமேல்தான் நான் செய்தது. திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் காரணம் தேடினார்கள். பி.டி. சார் முன் சீட்டிலிருந்து திரும்பி, “மண்டியில அறுபத்தொன்பதரைதானே இருந்தான்? ரெண்டு மூணு நாள்ல எப்படிய்யா ரெண்டு கிலோ ஏறும்?” என்றார். பேச்சு தராசை நோக்கிப் போகிறது. போகிற வழியில் அந்த அல்வாப் பொட்டலத்தில் எங்களில் சிலர் கைவைத்திருந்தோம், கால்வாசி காலி. நான் சொன்னேன்: “கூட ரெண்டு கிலோ அல்வா வந்துச்சுல்லா சார்.” பஸ் குலுங்கச் சிரித்தார்கள். பி.டி. சாரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவன் ‘அல்வா கந்தையா’. வேலைக்கு ஆர்டர் வாங்கப் போனவன் அல்வா தின்று கெட்டான் என்று கல்லூரி முழுக்கப் பேசினார்கள், ஊரிலும் பேசினார்கள். கந்தையா பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவன் அதற்குப் பிறகு களத்துக்கு வரவில்லை.

எனக்கு என்ன ஆனது தெரியுமா? நன்றாக ஆனது. தராசு விஷயம் வெளியே போகவில்லை என்பதை அண்ணாச்சி கவனித்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் என்னை முழு நேரமாக எடுத்துக்கொண்டார். கொள்முதலுக்கு அனுப்பினார், தூத்துக்குடி வரைக்கும் பழக்கப்படுத்தினார். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனபின் மண்டியை என்னிடமே தவணையில் விட்டார். என்னைச் சொந்தக் காலில் நின்றவன் என்று நாலு பேர் சொல்லும்போது தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். உழைத்தது உண்மை, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் வாசலுக்குள் நுழைந்த முதல் அடி வாயை மூடிக்கொண்டதற்குக் கிடைத்த கூலி. உனக்கு நான் ஒப்படைக்கப் போகிற கடைக்கு அஸ்திவாரம் எது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

மண்டி கைக்கு வந்த அன்றே வாசல் தராசைப் பேட்டைக்கு அனுப்பிவிட்டு, வாங்கவும் விற்கவும் ஒரே தராசு வைத்தேன். தர்மவான் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. சந்தையில் எல்லாரும் இரண்டு கிலோ தின்னும்போது நான் தின்னாவிட்டால் சரக்கு என்னைத் தேடி வரும் என்று கணக்குப் போட்டேன். வந்தது. வள்ளியூர், களக்காடு வரை வண்டி வண்டியாக வந்தது. சரியான எடையில் லாபம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, நீயும் கூச்சப்படாதே. ஆனால் தராசை மாற்றுவதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நாங்குநேரிக்குப் போய்ச் சேர நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அரை மணி நேர பஸ். இடையில் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். அவன் கடை வரும்போது மட்டும் இடது பக்கம் பார்ப்பேன், அவன் கடை வலது பக்கம்.

உன் படம் வந்த பிறகு உன் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். நான் அல்வா தொட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். டவுணில் கடை வைத்துக்கொண்டு அல்வா தின்னாதவன் என்றால் ஆயிரம் கேள்வி வரும் என்பதால், சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அப்ப உங்களுக்குச் சக்கரையே கிடையாதா?” என்றாள். இல்லை என்றேன். “இருபத்தாறு வருஷமா சீனி போடாத காப்பியைக் குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்களே, மனுஷனா நீங்க?” என்று எழுந்து போய்விட்டாள். கந்தையாவுக்குச் செய்த துரோகத்தை மன்னித்தாலும் மன்னிப்பாள், காப்பியை மன்னிக்க மாட்டாள் போலிருக்கிறது. தம்பி, உனக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கூட வாழ்கிறவளிடம் ஒன்றை மறைத்தால் அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற வேறொன்று. கடைசியில் வாய்க்கு ருசியான காப்பிகூட மிஞ்சாது. முதல் மாதமே எல்லாவற்றையும் கொட்டிவிடு. இரண்டு நாள் பேச மாட்டாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நெடுஞ்சாலையில் இரண்டு சக்கர வண்டி பழுது பார்க்கிற கடை, நல்ல பெரிய கடை, நாலு பேர் வேலை செய்கிறார்கள். கந்தையா இப்போது எண்பத்தைந்து கிலோவுக்குக் குறைய மாட்டான். பார்த்தவுடன் கண்டுகொண்டான்.

“ஏலே மண்டி! என்ன, மகன் கல்யாணமாமே? பத்திரிகை வைக்க வந்தியா?”

“அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். உக்காரு.”

“உக்காந்து கேக்குற சங்கதியா?”

உட்கார வைத்துச் சொன்னேன். தராசு, ஈயம், பரோட்டா, கடைசியில் பஸ்ஸில் சொன்ன சொல். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது, அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“ஆர்டர் போனது போகட்டும்லே” என்றான். “அந்தச் சம்பளத்தைவிட இந்தக் கடையில நல்லாவே சம்பாதிச்சிட்டேன். தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்தாச்சு. எங்க அப்பா கேட்டாருலே, நெசமாவே அல்வா திங்கலியான்னு. இல்லைன்னேன். அவரு சொன்னாரு, ‘மண்டித் தராசுல சரியா இருந்த, மதுரையில கூடிப்போச்சு. நடுவுல திங்காம எப்படிலே கூடும்? தராசு பொய் சொல்லுமா?’ன்னு. வருஷாவருஷம் அவரு உளுந்தைத் தின்ன தராசு. அதை நம்பினாரு, என்னை நம்பல. சாகுற வரைக்கும் நம்பல.”

எனக்கு நாற்பது வருஷமாக அந்தப் பெரியவர் ஞாபகத்துக்கே வரவில்லை. என் கணக்கில் கந்தையா இழந்தது ஒரு வேலை. அவன் கணக்கில் அந்த வேலை முதல் வரியில்கூட இல்லை. வியாபாரி என்று பெயர், அடுத்தவன் நஷ்டத்தை நானே எடை போட்டு வைத்திருந்தேன், அதுவும் குறைத்து. எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசினேன். “கந்தையா, என்னால ஆனதைச் செய்யுதேன். கடைக்கு ஏதாவது, பேரப்பிள்ளை படிப்புக்கு ஏதாவது, ஒரு தொகை…”

“நிறுத்துலே” என்றான். இப்போதுதான் சத்தம் ஏறியது. “வாங்க வந்தவன் நீ. சரக்கு என்கிட்ட இருக்கு. விலை நான்லா சொல்லணும்?”

“சொல்லு.”

அவன் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னான். நான் கேட்டுக்கொண்டேன். எழுந்திருக்கும்போது கை நீட்டினேன். அவன் பிடித்தான். அந்தப் பழைய அமுக்கு ஏதாவது வருமா என்று எதிர்பார்த்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வரவில்லை. சும்மா பிடித்து விட்டான். மன்னிப்பு என்கிற சரக்கு இன்னும் கைக்கு வரவில்லை, விலை பேச்சு முடிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். அது நியாயம்தான்.

உன்னைக் கேட்காமல் உன் கல்யாணத்தில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். அது தப்பு என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், வாக்கை மட்டும் மாற்ற மாட்டேன். உன் மாமனார் வீட்டார் மேலரதவீதியில் வியாபாரம் செய்கிறவர்கள். முதல் பந்தியில் சொன்னது இரண்டாம் பந்திக்கு இலை போடுவதற்குள் நாலு ரதவீதிக்கும் போய்விடும். கடைப் பெயர் கெடுமா என்று நீ பயப்படுவாய். நானும் இரண்டு நாள் யோசித்தேன். கெடாது. இருபது வருஷத்துக்கு மேலாக நம்மிடம் சரக்குப் போடுகிறவனுக்கு நம் எடை தெரியும். இரண்டு பேர் சிரிப்பார்கள், ஒரு வாரம் பேசுவார்கள். அந்த மனுஷனைப் பார்த்து நாற்பது வருஷம் சிரித்தார்கள், அதை நினைத்துக்கொள். நீ என்னைவிட நல்ல கடைக்காரனாக வருவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குடோனில் குப்பைக்கு நடுவிலிருந்து முதலில் அந்தத் தராசைத்தான் தூக்கினாய். பாக்கெட்டுக்கு வேறு படம் போடு, உளுந்தையே போடு, அழகாக இருக்கும். அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போனது போகட்டும்.

இனி விலை. கந்தையாவுக்குப் பத்திரிகை வைக்க நான் போகக்கூடாது, நீதான் போக வேண்டும், அவன் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் அணியில் என்னைத் தவிர இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒன்பது பேருக்கும் முதல் பந்தியில் வரிசையாக இலை போட வேண்டும், நடு இலை அவனுக்கு. அந்த வரிசைக்கு அல்வா நான்தான் பரிமாற வேண்டும். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல், ஒன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, தராசையும் பஸ்ஸில் சொன்ன சொல்லையும் என் வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் அவன் இலையில் கை வைப்பான். பாக்கெட்டில் தராசுப் படம் கிடையாது. தராசு அவன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஈயத்தை எடுக்காமல். அது எதற்கு என்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரியை டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லுதாரு, அதுல ஏறினா ரெண்டு கிலோ குறைஞ்சுரும்லா” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எங்க அப்பா படத்துக்குக் கீழ வைக்கப் போறேன்லே” என்றான். கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் பேட்டையிலிருந்து நாங்குநேரிக்கு இறக்கிக் கொடுப்பதாகப் பேச்சு. ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை எல்லாம் நம்முடையது.

இப்படிக்கு,
அப்பா